அலங்காரத்துக்கு முன்னால் ஒரு படம்

காவிரிக்கரை ஊர்களின் கோயில் அறங்காவலர்களுக்கும், குருக்கள்மாருக்கும், பட்டாச்சாரியார்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் குடவாசல் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஹால் டிக்கெட்டுக்குப் பாஸ்போர்ட் சைஸ் என்று நாற்பது வருஷமாக இதே தொழில். நடுவில் ஊர் ஊராகப் போய்த் திருவிழாப் படமும் எடுத்திருக்கிறேன். உங்களில் பலருடைய கோயில் அலுவலக அறையில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் உற்சவர் படத்தின் மூலையில் என் ஸ்டுடியோ பெயர் சின்னதாக இருக்கும். அந்தப் படங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவை பார்க்க நன்றாக இருக்கின்றன. ஆனால் சாமி களவுபோனால் அடையாளம் காட்ட உதவாது. அதற்கு அலங்காரத்துக்கு முன்னால் எடுத்த ஒரு படம் வேண்டும், அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

எனக்கு அது தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன் பக்கத்து ஊர் ஒன்றில் (பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இன்னும் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்கள்) ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி அம்பாள் உற்சவர் காணாமல் போனாள். இரண்டடி உயரம் இருப்பாள். பூட்டைத் தொடவில்லை, கூரை ஓட்டைப் பிரித்து இறங்கியிருந்தார்கள். மறுநாள் சாயங்காலம் ஒரு இன்ஸ்பெக்டர் என் கடைக்கு வந்தார். அந்தக் கோயிலின் ஆடிப்பூரத்துக்கும் நவராத்திரிக்கும் இருபத்திரண்டு வருஷம் படம் எடுத்தவன் நான்தான் என்று ஊரில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பீரோவைத் திறந்து நெகட்டிவ், ஆல்பம் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். மாம்பழக் கலர் பட்டில் அம்பாள், சந்தனக்காப்பில் அம்பாள், வெள்ளிக் கவசத்தில், ஊஞ்சலில், ஒரு வருஷம் கழுத்திலிருந்து பாதம் வரை வளையலாலேயே மூடி. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதுல சாமி எங்கய்யா?" என்றார்.

முகத்தில் பாதி, ஒரு கையில் நாலு விரல். இருபத்திரண்டு வருஷத்தில் என் கேமராவுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஃபிளாஷ் எரிகிறதா என்று பார்க்க, உதவிக்கு வந்த பையன் அபிஷேக நேரத்தில் தட்டிவிட்ட ஒரே ஒரு படத்தில் தோளும் மார்பும் தெரிந்தன. அதிலும் பால் வழிந்துகொண்டிருந்தது. புகாரில் "சுமார் இரண்டடி உயரமுள்ள உலோக அம்மன் சிலை ஒன்று" என்று எழுதிக்கொண்டார்கள். அப்படி எழுதினால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எத்தனை ஆயிரம் அம்பாளுக்குப் பொருந்தும்? அவள் இன்றுவரை திரும்பவில்லை.

கடத்தல் என்றால் நம் பக்கத்தில் வேதாரண்யம் கரையும் கோடியக்கரைப் படகும்தான் நினைவுக்கு வரும். இருட்டு, டார்ச் லைட், கஞ்சா மூட்டை, கடலட்டை. சாமி அப்படிப் போவதில்லை. பட்டப்பகலில், பில் போட்டு, துறைமுகத்தில் முத்திரை குத்திப் போகிறது. புதிதாக வார்த்த பொம்மைகளோடு ஒன்றாகக் கட்டி, மேலே 'கைவினைப் பொருள்' என்று எழுதி அனுப்புகிறார்கள். ஓட்டைப் பிரிக்கிறவன் வெறும் கூலிக்காரன். அவனிடம் வாங்குகிறவன் ஒருவன், காகிதம் தயார் செய்கிறவன் ஒருவன், இடையில் ஏதோ ஒரு நாட்டில் கைமாற்றுகிறவன் ஒருவன், கடைசியில் வெளிநாட்டில் கண்ணாடி போட்ட கடை வைத்திருக்கும் கனவான் ஒருவன். ஒருத்தனுக்கு அடுத்தவனை மட்டும்தான் தெரியும். கூலிக்காரனைப் பிடித்து உள்ளே போட்டால் அடுத்த வாரம் வேறு கூலிக்காரன்.

இத்தனை பேர் கைமாறியும் அவர்களால் ஒரு காரியம் முடியாது. காகிதம் இல்லாமல் பெரிய விலைக்கு விற்க முடியாது. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கும் அருங்காட்சியகம், "இது எங்கே இருந்தது, எப்போது இந்தியாவை விட்டு வந்தது?" என்று கேட்கும். சிலைக்கு ஒரு ஜாதகம் வேண்டும். களவுக் கலைப்பொருள் பற்றிய யுனெஸ்கோ உடன்படிக்கை வந்தது 1970-ல். பழம்பொருளை ஏற்றுமதி செய்வதைத் தடுக்கும் நம் நாட்டுச் சட்டம் 1972-ல் வந்து 1976-ல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பொய் ஜாதகம் எழுதுகிறவன் பெரும்பாலும் அந்தக் காலத்துக்கு முன்னால் ஒரு தேதியைத்தான் போடுவான்.

ஸ்ரீபுரந்தான் நடராஜருக்கும் அப்படித்தான் எழுதினார்கள். கொள்ளிடத்துக்கு வடகரையில், அரியலூர் மாவட்டத்தில் இருக்கிற ஊர் அது. பூட்டியே கிடந்த சிவன் கோயில். அங்கிருந்த நடராஜர் நியூயார்க்கில் சுபாஷ் கபூர் என்ற வியாபாரி நடத்திய பழம்பொருள் கடைக்குப் போய், அங்கிருந்து 2008 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ள தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டார். தில்லியில் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டு அதிகாரி 1970-ஐ ஒட்டி வாங்கி வைத்திருந்ததாக ஜாதகம். இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. ஊருக்குக் களவு தெரிந்ததே அதற்குப் பிறகுதான். பக்கத்துச் சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் 18 சிலைகள் போன பின், ஸ்ரீபுரந்தானில் இருப்பதையாவது பத்திரமாக எடுத்துப் போகலாம் என்று அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோது உள்ளே ஒன்றும் இல்லை. கான்பெராவில் டிக்கெட் வாங்கிப் பார்க்க முடிந்த சாமியை, இங்கே பூட்டுக்கு வெளியே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்த ஜாதகத்தைக் கிழித்தது ஒரு பழைய போட்டோ. பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1956-லிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய்ச் சிலைகளைப் படம் எடுத்து வைத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். யார் களவாடுவான், யார் பிடிப்பான் என்று நினைத்து எடுத்ததில்லை. சிற்பக்கலையையும் ஆகமத்தையும் படிப்பதற்காக எடுத்தது. 1990-களில் அவர்கள் எடுத்த படம் ஒன்றில் அதே நடராஜர் ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள் நிற்கிறார். 1970-ல் தில்லியில் விலைபோன சாமி, இருபது வருஷம் கழித்து அரியலூர்ப் பக்கம் எப்படி நிற்கும்? அதற்குமேல் பேச்சில்லை. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் தில்லிக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்து கொடுத்தார். கபூர் 2011-ல் ஜெர்மனியில் பிடிபட்டு, 2012-ல் இங்கே கொண்டுவரப்பட்டு, 2022 நவம்பர் 1-ஆம் தேதி நம் கும்பகோணம் கோர்ட்டில் பத்து வருஷத் தண்டனை வாங்கினார்.

அதே நிறுவனத்தின் படங்கள் செய்த வேலை இன்னும் உண்டு. தரங்கம்பாடி பக்கத்து ஆனந்தமங்கலத்தில் 1978-ல் களவுபோன ராமர், லட்சுமணர், சீதை மூவரும் 1958-ல் எடுத்த படத்தால் அடையாளம் தெரிந்து 2020-ல் லண்டனிலிருந்து கோயிலுக்கே திரும்பினார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுந்தரபெருமாள்கோவில் திருமங்கையாழ்வாரை ஆக்ஸ்போர்டில் உள்ள அஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-ல் ஏலத்தில் வாங்கியிருந்தது. அவர் 1957-ல் கோயிலில் நின்றதற்குப் படம் இருந்தது; திருப்பித் தருவதாக 2024-ல் ஒப்புக்கொண்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது வேறு. கோயிலில் அத்தனை வருஷம் பூஜை நடந்தது போலி ஆழ்வாருக்கு. களவுபோனதே ஊருக்குத் தெரியாது. தண்டந்தோட்டம் பார்வதி போனது 1971-ல். நியூயார்க் ஏலக் கம்பெனி ஒன்றில் இருப்பதாகச் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு கண்டுபிடித்தது 2022-ல்.

படம் இல்லாமல் போனால் என்ன பாடு என்பதற்கு நம் திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரைப் பாருங்கள். 1976-ல் இடிந்த விஸ்வநாதசுவாமி கோயிலை ஒட்டி மண்ணைத் தோண்டிய கூலித் தொழிலாளி கையில் நடராஜர் கிடைத்தார். புதையலாகக் கிடந்தவர், படம் எங்கே இருக்கும்? கைமாறிக் கைமாறி லண்டன் போய், கனடாவின் கம்பெனி ஒன்று இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. சுத்தம் செய்யக் கொடுத்திருந்த இடத்தில் 1982-ல் லண்டன் போலீஸ் கைப்பற்றியது. பிறகு வழக்கு. சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் பத்தூர் மண்ணும் ஒன்றா என்று ஆராய்ந்தார்கள். கரையான் புற்று ஏறிய தடத்தைக்கூட அதே இடத்தில் கிடைத்த மற்ற சிலைகளோடு ஒப்பிட்டார்கள். உலோகம் தெரிந்தவர், கல் தெரிந்தவர், பூச்சி தெரிந்தவர் எல்லாரும் சாட்சிக்கூண்டு ஏறினார்கள். இடிந்து கிடந்தாலும் கோயிலே தன் சொத்துக்காக வழக்காடலாம் என்று இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சட்டம் படிப்பவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள் என்று என் தங்கை மகன் சொல்கிறான். நடராஜர் திரும்பியது 1991-ல். ஒன்பது வருஷம் கரையானை நம்பி நின்றோம். என் கடையில் ஒரு படம் பிரிண்ட் போட என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தக் களவு வியாபாரத்தில் பயங்கரவாதிகளும் பணம் பார்க்கிறார்கள் என்று சொன்னால், இவ்வளவும் பக்தி விஷயம், இதில் பயங்கரவாதம் எங்கே வந்தது என்று சிலர் கேட்பீர்கள். நம் பக்கத்துச் சிலைத் திருட்டு காசுக்காக நடந்தது. ஆனால் சரக்கு போகிற பாதையைப் பாருங்கள். கபூர் வழியாகக் கடத்தப்பட்ட 2,500-க்கும் மேற்பட்ட பொருட்களை நியூயார்க்கின் மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகம் கைப்பற்றியது. மதிப்பு 14 கோடி டாலருக்கு மேல். அவற்றில் நம் சோழர் சிலையும் இருந்தது. ஆப்கானிஸ்தானிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் வந்தவையும் இருந்தன. சண்டை நடக்கும் நாட்டுச் சரக்கும் பூட்டிக் கிடந்த கிராமத்துச் சரக்கும் ஒரே கிடங்கில், ஒரே மாதிரிப் பொய் ஜாதகத்தோடு. சிரியாவிலும் ஈராக்கிலும் ஐ.எஸ். கும்பல் பழம்பொருளைத் தோண்டி விற்றுப் பணம் பார்த்தது. அந்த வியாபாரத்தைத் தடுக்க ஐ.நா. பாதுகாப்பு சபை 2015-ல் 2199 என்ற தீர்மானமும், 2017-ல் 2347 என்ற தீர்மானமும் போட்டது. இரண்டாவது தீர்மானம் ஒவ்வொரு நாட்டையும் தன் கலைச்செல்வத்துக்குப் பட்டியல் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்குச் சொன்ன அந்த வார்த்தை, நம் ஊரில் குருக்கள் வீட்டுத் திண்ணையில் முடிய வேண்டிய வேலை.

அடுத்த பேச்சு எனக்குத் தெரியும். "எல்லாம் அறநிலையத்துறை பதிவேட்டில் இருக்கிறதே." இருக்க வேண்டும். 1959-ஆம் வருஷச் சட்டம் 29-ஆம் பிரிவு ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு வைக்கச் சொல்கிறது, அதில் திருமேனிகளும் சேர்த்திதான். ஆனால் நான் கண்ணால் பார்த்த சில பதிவேடுகளில் 'நடராஜர் 1, அம்மன் 1, சண்டிகேசுவரர் 1' என்று மளிகைச் சீட்டு மாதிரி இருந்தது. அந்த வரியை வைத்துக்கொண்டு, பல நாட்டுப் போலீஸும் சேர்ந்து நடத்தும் இண்டர்போலிடம் போக முடியாது. களவுபோன கலைப்பொருளுக்கு அவர்கள் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், 50,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் அதில் உண்டு. இந்தியாவிலிருந்து சி.பி.ஐ. வழியாகத்தான் அங்கே போக வேண்டும். இன்ன பொருள் இதுதான் என்று அடையாளம் சொல்ல முடிந்தால்தான் சேர்ப்பார்கள். 2021 முதல் அந்தக் கணக்கைச் செல்போனிலேயே யாரும் தேடிப் பார்க்கலாம். வாங்கப் போகிறவன் தேடுகிறபோது நம் ஊர்ச் சாமி அதில் இருக்க வேண்டாமா?

இரண்டாவது பேச்சு, "படம் எடுத்து வைத்தால் திருடனுக்கு நாமே பட்டியல் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகாதா?" நியாயமான பயம். ஆனால் அவன் திருவிழாவுக்கு வந்து அர்ச்சனைத் தட்டோடு நின்று பார்த்துவிட்டுப் போகிறவன். நம் படம் அவனுக்குத் தேவையில்லை. தேவைப்படுவது நமக்கு. அதனால்தான் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து போடாதீர்கள். கும்பாபிஷேக மலரிலும் வேண்டாம். சீல் வைத்த கவரில் இருக்கட்டும்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. அலங்காரம் இல்லாமல் சாமியைப் படம் எடுக்கலாமா? நான் ஆகமம் படித்தவனில்லை, உங்களோடு வாதம் பண்ண எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்களைப் போன்றவர்கள் உள்ளே வர வேண்டியதில்லை. திரைக்கு அந்தப் பக்கம் நீங்கள்தானே இருக்கிறீர்கள்? உங்கள் பையன் கையில் செல்போன் இருக்கிறது. நடராஜருக்கு வருஷத்துக்கு ஆறு அபிஷேகம். பெருமாளுக்குத் திருமஞ்சனம் அடிக்கடி நடக்கிறது. துடைத்து முடித்து வஸ்திரம் சாத்துவதற்கு முன்னால் பத்து நிமிஷம். மூலவரைத் தொட வேண்டாம், வெளியே எடுத்துவரும் திருமேனிகள் மட்டும் போதும்.

எப்படி எடுப்பது என்பது என் தொழில், அதைச் சொல்ல விடுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. ஐம்பொன்னில் பட்டுத் தெறித்து முகம் வெள்ளையாகப் போய்விடும். கதவைத் திறந்து பகல் வெளிச்சம் விழுகிற இடத்தில், பின்னால் வெள்ளை வேட்டியைக் கட்டி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து எடுங்கள். எல்லாரும் முகத்தை எடுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். முதுகுதான் முக்கியம். பின்னால் சடை விழுகிற விதம், தலைக்குப் பின்னால் இருக்கும் வட்டமான சிரசக்கரம், இடுப்பு முடிச்சு, பீடத்தில் தண்டு நுழைக்கிற ஓட்டை, அடியில் ஏதாவது எழுத்து இருந்தால் அது. பழுதைத் தேடித் தேடி எடுங்கள்: மொக்கையான விரல், சாமியைச் சுற்றி நிற்கும் திருவாசியில் போட்ட ஒட்டு, வார்ப்பில் விழுந்த சின்னக் குழி. கல்யாண போட்டோவில் முகத்துப் பருவை மறைக்கத்தான் எனக்குக் காசு கொடுக்கிறார்கள், இங்கே பரு தெரிந்தால்தான் கூலி. எடை போட முடிந்தால் போட்டு எழுதுங்கள்.

பழுது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை எனக்குச் சொன்னது சுவாமிமலையில் ஒரு பெரியவர். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடு காட்டி மெழுகை ஓடவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சாமியை எடுக்க வேண்டும். அச்சு ஒரு தடவையோடு போயிற்று. அதனால் ஒரே கை செய்தாலும் இரண்டு சிலை அச்சு அசலாக இருக்காது. போலி செய்கிறவன் முகத்தைக் கொண்டுவந்துவிடுவான், முதுகில் கோட்டை விடுவான். கும்பகோணம் பக்கத்துச் சிவபுரம் நடராஜரைப் பழுது பார்க்கக் கொடுத்தது 1954-ல். திரும்பி வந்தது போலி. பிரிட்டிஷ் மியூசியத்து நிபுணர் ஒருவர் 1965-ல் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அசல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்ற பணக்காரச் சேகரிப்பாளர் கைக்குப் போய், 1986-ல்தான் இந்தியா வந்தது. கொடுப்பதற்கு முன்னால் முதுகுப் பக்கம் ஒரு படமும் எடையும் கோயிலில் இருந்திருந்தால், வாங்கிய அன்றைக்கே வாசலில் வைத்துக் கேட்டிருக்கலாம்.

எடுத்த படத்தை பிரிண்ட் போடுங்கள். கம்ப்யூட்டரை மட்டும் நம்ப வேண்டாம். எனக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது, 1986 நெகட்டிவ் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. ஒவ்வொரு பிரிண்டின் பின்னாலும் தேதி, உயரம், எடை எழுதி, குருக்களும் அறங்காவலரும் வி.ஏ.ஓ.வும் கையெழுத்துப் போடட்டும். ஒன்று கோயில் பதிவேட்டோடு, ஒன்று அறநிலையத்துறைக்கு, ஒன்று போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது. நாலாவது ஒன்றை, சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற நம்பகமான ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம். கும்பாபிஷேகத்துக்குப் பணம் அனுப்புகிறவர்கள் இதையும் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே கோயில் சிலைகளைக் காக்க வைத்திருக்கும் திருவாரூர்ப் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விட்ட சாமிகளுக்கும் ஊரில் ஒரு படம் இருக்கட்டும். திருவிழாவுக்கு வந்து திரும்புகிறபோது, போனது அதே சாமிதானா என்று யாராவது ஒருவர் பார்க்க வேண்டாமா?

களவு நடந்துவிட்டால் மானம் போகிறதே என்று ஊருக்குள் பேசி முடிக்கப் பார்க்காதீர்கள். அன்றைக்கே புகார், புகாரோடு படம்.

இதற்கு நான் கூலி வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். முப்பது கிலோமீட்டருக்குள் என்றால் என் வண்டியிலேயே வருகிறேன். திரைக்கு வெளியே நின்று வெளிச்சம் மட்டும் பார்த்துச் சொல்கிறேன், உள்ளே எடுப்பது நீங்களாகவே இருக்கட்டும். வரும் ஆனித் திருமஞ்சனத்துக்கு இதுவரை மூன்று கோயிலில் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். மூன்றிலும் காலை எட்டு மணிக்குள் அபிஷேகம் முடிந்துவிடும், அதற்குப் பிறகு வெளிச்சம் நன்றாக இருக்கும். வருவதற்கு முன் வெள்ளை வேட்டி ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டு வையுங்கள். கரை இல்லாத வேட்டியாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
குடவாசல் பக்கத்து ஸ்டுடியோக்காரன்